எண்ணெயில் கலந்த நீர்

கார் என்ஜின் ஒன்றுக்குள் இரண்டு திரவங்கள் ஓடுகின்றன. ஒன்று எண்ணெய். சுழலும் தண்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் இடையே மெல்லிய படலமாக நின்று, உலோகத்தை உலோகம் தொடாமல் காப்பது அதன் வேலை. மற்றொன்று கூலன்ட். நீரும், எத்திலீன் கிளைக்கால் என்னும் இரசாயனமும், துருவைத் தடுக்கும் மருந்துகளும் சேர்ந்த கலவை அது. எரிபொருள் எரிவதால் எழும் வெப்பத்தைச் சுமந்துபோய் ரேடியேட்டரில் இறக்கிவிட்டுத் திரும்புகிறது. இவ்விரண்டும் ஒரே வீட்டின் அடுத்தடுத்த அறைகளில் குடியிருப்பவை. நடுவில் இருப்பது சில இடங்களில் வார்ப்பிரும்புச் சுவர், சில இடங்களில் மெல்லிய கேஸ்கெட், சில இடங்களில் ஒரு ரப்பர் வளையம். இந்தத் தடுப்புகளில் ஒன்று விட்டுப்போனால் கூலன்ட் எண்ணெய்க்குள் இறங்கும். அது எந்த வழியாக இறங்கியது என்று கண்டறிவதைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறோம். கண்டறியாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் வீடு இராசிபுரத்தில் இருக்கிறது. சகோதரர்கள் இருவரில் ஒருவருக்கு வேலை சேலத்தில், மற்றவருக்கு நாமக்கல்லில். அப்பா பணி ஓய்வு பெற்றபோது வாங்கிய டீசல் கார் எங்கள் இருவருக்கும் பொது. அவர் மறைந்த பின்னும் அதை வைத்திருக்கிறோம். அம்மாவைக் கண் மருத்துவரிடம் சேலத்துக்கு அழைத்துப் போவதும், கொல்லிமலைக்கு ஆண்டுக்கு இருமுறை போய்வருவதும் அதில்தான். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்த மலைப்பாதையில் ஒருமுறை ஏறி இறங்கிய மறு வாரம், சித்திரை மாதத்து ஞாயிறு ஒன்றில், எண்ணெய் அளவு பார்க்க டிப்ஸ்டிக்கை உருவினோம். அளவு மேல்கோட்டையும் தாண்டி ஒரு விரற்கடை ஏறியிருந்தது. டீசல் என்ஜினில் ஊற்றிய எண்ணெய் சில நாட்களிலேயே கறுத்துவிடும். இதுவோ பால் மிகுந்த காபியின் நிறத்தில் இருந்தது. கூலன்ட் தொட்டியைத் திறந்தபோது அங்கே மட்டம் குறைந்து, மேலே பிசுபிசுப்பாக எண்ணெய்ப் படலம் மிதந்தது.

அந்த வாரத்தில் இரண்டு ஆலோசனைகள் கிடைத்தன. சேலத்துப் பட்டறை ஒன்றில் டிப்ஸ்டிக்கை ஒரு முறை பார்த்ததுமே, ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, என்ஜினை இறக்கி முழு ஓவர்ஹால் செய்தாக வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை, காரை விற்றால் கிடைக்கும் விலையில் பாதிக்கும் மேல். இரண்டாவது ஆலோசனை பழைய கார்களை வாங்கி விற்கும் தரகர் ஒருவருடையது.

“எதுக்குங்க தம்பி செலவு பண்றீங்க? ஆயில மாத்தி, ரேடியேட்டரக் கழுவி உட்டுட்டா ஒரு மாசத்துக்கு ஒன்னும் தெரியாதுங்க. வாடகைக்கு ஓட்ட வண்டி கேட்டு ஒரு பையன் நடந்துட்டு இருக்கறான். நாளைக்கே முடிச்சுத் தர்றேன்.”

அவர் சொன்னதில் தொழில்நுட்பப் பிழை ஏதும் இல்லை. எண்ணெயை மாற்றினால் நிறம் சரியாகிவிடும். ஓட்டிப் பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. அந்தப் பையன் கடன் வாங்கித்தான் வண்டி எடுப்பான் என்பதும், முதல் தவணைகள் கட்டி முடிப்பதற்குள் என்ஜின் ஜாம் ஆகிவிடும் என்பதும் அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அன்றிரவு நாங்கள் நெடுநேரம் பேசினோம். வீட்டுக்கடன், அம்மாவின் சிகிச்சைச் செலவு என்று கணக்குப் பார்த்தபோது தரகர் சொன்ன வழி எளிதாகவே தெரிந்தது. பெயர் தெரியாத ஒரு பையனின் முகம் மட்டும் அந்தக் கணக்கில் எங்கும் அடங்கவில்லை.

*

எண்ணெயில் நீர் கலந்தால் என்ஜின் ஏன் கெடுகிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும். ஓடும் என்ஜினில் பேரிங்குக்கும் தண்டுக்கும் இடையே உள்ள எண்ணெய்ப் படலம் மயிரிழையைவிட மெல்லியது. இணைப்புத் தண்டின் முழுச் சுமையையும் தாங்குவது அந்தப் படலந்தான். அதில் நீர்த்துளி புகுந்தால் படலம் அறுபடும். அறுபட்ட இடத்தில் உலோகம் உலோகத்தைத் தேய்க்கும். கிளைக்கால் கலந்தாலோ இன்னும் மோசம். சூட்டில் அது சிதைந்து அமிலங்களாக மாறிப் பேரிங்கை அரிக்கும். எண்ணெயில் உள்ள மருந்துகளோடு சேர்ந்து பசைபோலத் திரண்டு எண்ணெய் போகும் சிறு துளைகளை அடைக்கும். ஓட்டுநருக்கு முதலில் எதுவும் கேட்காது. பிறகு அடியிலிருந்து மெல்லத் தட்டும் ஓசை. அது கேட்கும் நாளில் செலவு பலமடங்காகியிருக்கும்.

அடையாளம் ஒன்றாக இருந்தாலும் காரணங்கள் பல. ஹெட் கேஸ்கெட் கிழிந்திருக்கலாம். சூடேறி ஹெட் வளைந்திருக்கலாம், அல்லது அதில் விரிசல் கண்டிருக்கலாம். அரிதாகப் பிளாக்கிலேயே விரிசல் விழும். என்ஜின் எண்ணெயைக் குளிர்விக்கக் கூலன்ட்டைப் பக்கத்தில் ஓடவிடும் ஆயில் கூலர் உள்ளே ஓட்டையாகியிருக்கலாம். சில கார்களில் டைமிங் சங்கிலியால் சுழலும் நீர்ப்பம்பு என்ஜினுக்குள்ளேயே இருக்கிறது. நம் பட்டறைகளில் ‘வாட்டர் பாடி’ எனப்படும் அது கசிந்தாலும் நீர் நேரே எண்ணெயில்தான் விழும். கடைசியாக ஒன்று: நோயே இல்லாமல் அடையாளம் மட்டும் தோன்றுவது. சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில், மார்கழிக் குளிரில், கடைத்தெரு வரை மட்டும் போய்வரும் காரின் எண்ணெய் மூடிக்கு அடியில் வெண்ணெய் போல ஏதோ படிந்திருப்பதைக் காணலாம். அது காற்றின் ஈரம் குளிர்ந்து நீராகிக் கலந்தது. டிப்ஸ்டிக் சுத்தமாக இருந்து, கூலன்ட் மட்டமும் குறையாதிருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. காரை நெடுந்தூரம் ஓட்டிச் சூடேற்றினால் மறைந்துவிடும். எங்கள் கார் நின்றதோ வெயில் 40 டிகிரியைத் தொடும் சமவெளியில். எண்ணெய் மட்டமும் ஏறியிருந்தது. எனவே அந்த ஆறுதல் எங்களுக்கு இல்லை.

*

நாமக்கல் 1997 ஜனவரி முதல் நாள் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. வெளியூரார் அதை முட்டைக்காகவும் ஆஞ்சநேயர் கோயிலுக்காகவும் அறிவார்கள். லாரித் தொழிலில் இருப்பவர்களுக்கு அது வேறு ஊர். திருச்சி சாலை, பரமத்தி சாலை, சேலம் சாலை என்று எந்தப் பக்கம் போனாலும் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகள். டேங்கர்களும் டிரெய்லர்களும் இங்கிருந்து நாடெங்கும் போகின்றன. மேற்கே சங்ககிரியும் லாரி ஊர்தான். திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் தமிழ் பேசும் ஆட்களோடு மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் நிற்பதைக் காணலாம். இத்தனை வண்டிகள் இருக்கும் ஊரில் வண்டி மருத்துவர்கள் உருவாவது இயல்பு. எங்கள் உறவினர் ஒருவர் சொல்லி, காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு நாமக்கல்லின் ஒரு பட்டறைக்குப் போனோம். அங்கிருந்த பெரியவர் பதின்மூன்று வயதில் லாரிப் பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கச் சேர்ந்தவர். கார்களுக்கு வந்தது பிற்பாடு.

லாரி என்ஜினில் கற்றவர்களுக்கு எண்ணெயில் நீர் கலப்பது பழகிய வியாதி. காரணம் அதன் அமைப்பு. பெரிய டீசல் என்ஜின்கள் பலவற்றில் பிஸ்டன் ஓடும் ஸ்லீவ் தனிக் குழாயாகச் செருகப்பட்டிருக்கும். அதன் வெளிப்பக்கத்தைக் கூலன்ட் நேரடியாகத் தழுவி ஓடும். கீழே நீரையும் எண்ணெயையும் பிரித்து நிற்பவை சில ரப்பர் வளையங்களே. வளையம் சூட்டில் காய்ந்து விறைத்தால் நீர் கீழிறங்கும். ஸ்லீவே ஓட்டையாவதும் உண்டு. எரிதலின் அதிர்ச்சியில் ஸ்லீவ் நொடிக்குப் பலமுறை அதிரும்போது, அதை ஒட்டிய நீரில் நுண்குமிழிகள் தோன்றி உடைகின்றன. ஒவ்வொரு குமிழியும் உடையும்போது இரும்பைக் கொத்திச் செல்கிறது. கப்பல்களின் சுழல்விசிறிகள் இப்படி அரிக்கப்படுவதை ஆராய்ந்து, குமிழி உடையும்போது எழும் அழுத்தத்தை 1917இல் கணக்கிட்டுக் காட்டினார் ஆங்கில இயற்பியலாளர் ராலே பிரபு. அதே அரிப்பு நாமக்கல் லாரியின் ஸ்லீவில் பூச்சி துளைத்தது போன்ற குழிகளாகத் தெரியும். கூலன்ட்டில் சேர்க்கும் மருந்து ஸ்லீவின்மேல் படலமாகப் படிந்து இதைத் தடுக்கிறது. வெறும் தண்ணீருக்கு அந்தக் குணம் இல்லை.

எங்கள் காரைப் போன்ற சிறிய என்ஜின்களில் பெரும்பாலும் அப்படித் தனி ஸ்லீவ் இல்லை. எனவே பெரியவர் அந்தச் சந்தேகத்தை முதலிலேயே ஒதுக்கினார். மற்றவற்றை ஒவ்வொன்றாக விசாரிக்கத் தொடங்கினார். விசாரிப்பது என்ற சொல்லைத் தெரிந்தே பயன்படுத்துகிறோம். அரை மணி நேரம் அவர் காரைத் தொடவே இல்லை. கடைசியாக எப்போது சூடேறியது, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது வெள்ளைப் புகை வருகிறதா, ஒரு சிலிண்டர் அடிக்காமல் உதறுகிறதா, ஹீட்டர் குழாய் குளிர்ந்திருக்கும்போதே கல்லாக விறைக்கிறதா என்றெல்லாம் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றே சொன்னோம்.

“அப்ப ஹெட்டத் தெறக்க வேண்டாங்க” என்றார்.

“சேலத்துல கேஸ்கெட்டுன்னு சொன்னாங்களேங்கண்ணா?”

“இருக்கலாமுங்க தம்பி. ஆனா தெறந்துட்டா அப்புறம் சாட்சி கெடையாது. தண்ணி எந்த வழியா வருதுன்னு மொதல்ல அதுவே சொல்லட்டும்.”

அவர் செய்த சோதனைகளின் வரிசையைக் குறித்து வைத்திருக்கிறோம், பிறருக்கும் உதவும். முதலில், கார் ஓர் இரவு முழுக்க அசையாமல் நின்றது. நீர் எண்ணெயைவிடக் கனமானது. நன்றாகக் கலந்துவிடாத நீர் இரவில் சம்பின் அடியில் தங்கும். காலையில் வடிகால் போல்ட்டை முழுதும் கழற்றாமல் கொஞ்சம் தளர்த்தினார். முதலில் சொட்டியது தெளிந்த நீர். அரைக் குவளைக்கு மேல் வந்த பின்னரே பழுப்புக் கலவை வந்தது. அந்த நீரில் கூலன்ட்டின் பச்சையோ சிவப்போ இல்லை.

அடுத்தது வாயுச் சோதனை. ஹெட் கேஸ்கெட் சிலிண்டர் ஓரத்தில் விட்டிருந்தால் எரிந்த வாயு கூலன்ட்டில் நுழைந்து குமிழியிடும். தொட்டியின் வாயில் ஒரு கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, அதிலுள்ள நீலத் திரவத்தின் வழியே அந்தக் காற்றை உறிஞ்சுவார்கள். பெட்ரோல் என்ஜினின் வாயு இருந்தால் திரவம் மஞ்சளாகும், டீசல் வாயுவுக்குப் பச்சையாகும். எண்ணெய் குறைந்த நேரமே தாங்கும் என்பதால், தற்காலிகமாகப் புதிய மலிவு எண்ணெயை ஊற்றிச் சில நிமிடங்கள் மட்டும் ஓட்டிப் பார்த்தார். நீலம் மாறவில்லை. கம்ப்ரஷனும் நான்கு சிலிண்டரிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது.

மூன்றாவதுதான் தீர்ப்பைச் சொன்ன சோதனை. எண்ணெயை முழுவதும் வடித்து, வடிகால் திறந்தபடியே கிடக்க, கூலன்ட் தொட்டியில் கைப்பம்பைப் பொருத்தி, சூடான கார் ஓடும்போது அதற்குள் இருக்கும் அழுத்தம் அளவுக்கு, அதாவது ஏறத்தாழ ஒரு பார், காற்றை ஏற்றினார். பம்பின் முள் மெல்ல இறங்கியது. கீழே வைத்த தட்டில் நீர் சொட்டியது. ஆக, கசிவு உண்மை. பின்பு ஆயில் கூலருக்குப் போகும் இரு குழாய்களையும் கழற்றி, கூலரை விலக்கி, இரண்டையும் ஒரு துண்டு இரும்புக் குழாயால் இணைத்துவிட்டு மறுபடியும் அழுத்தம் ஏற்றினார். தேநீர் குடித்து முடித்து வந்து பார்த்தோம். முள் அசையவில்லை.

கழற்றிய கூலரின் வாய்களை அடைத்து, காற்றைச் செலுத்தி, வெந்நீர் வாளியில் முக்கினார்கள். பஞ்சர் கடையில் டியூபை முக்கிப் பார்ப்பதைப் போலத்தான். ஓர் ஓரத்திலிருந்து மணிமணியாகக் குமிழிகள் வந்தன. வெந்நீர் எதற்கு என்று கேட்டோம். சில ஓட்டைகள் சூட்டில் விரிந்தால்தான் வாய் திறக்கும் என்றார்.

தொட்டியில் எண்ணெய் மிதந்ததற்கும் இங்கேதான் விடை கிடைத்தது. என்ஜின் ஓடும்போது எண்ணெயின் அழுத்தம் மூன்று நான்கு பார் இருக்கும். கூலன்ட்டுக்கு ஒரு பார்தான். எனவே ஓடும்போது ஓட்டை வழியே எண்ணெய் நீருக்குள் போகிறது. என்ஜினை நிறுத்தியதும் எண்ணெயின் அழுத்தம் அற்றுப்போகிறது. சூடான கூலன்ட்டின் அழுத்தமோ நெடுநேரம் நிற்கிறது. அப்போது நீர் எண்ணெய்க்குள் வருகிறது. எங்கள் கார் கெட்டுக்கொண்டிருந்தது ஓடும்போது மட்டுமன்று, வாசலில் அமைதியாக நின்ற நேரங்களிலும்தான்.

*

கூலர் ஏன் ஓட்டையானது என்ற கேள்வி மீதமிருந்தது. வடிந்த நீரில் நிறமே இல்லாதது அதற்கு விடை சொன்னது. முந்தைய ஆண்டு வேறொரு பட்டறையில் குழாய் மாற்றியபோது கூலன்ட்டுக்கும் சேர்த்துப் பணம் வாங்கியிருந்தார்கள். ஊற்றியது வெறும் தண்ணீர். அதுவும் இந்த வட்டாரத்துத் தண்ணீர்.

சேலம் நாமக்கல் சமவெளி பாறைமேல் அமர்ந்திருப்பது. சேலத்துக்கு வடக்கே வெள்ளை நரம்புகளாக ஓடும் மாக்னசைட்டைப் பார்த்துவிட்டு ஆங்கிலேயர் அவற்றுக்குச் சுண்ணக்கட்டிக் குன்றுகள் என்று பெயரிட்டார்கள். ஆயிரம் அடி வரை துளைத்து எடுக்கும் நீர் கல்லைக் கரைத்துக்கொண்டே மேலே வருகிறது. எங்கள் வீட்டு வெந்நீர்ப் பானையின் உள்ளே வெள்ளைப் பொருக்குப் படியாத ஆண்டு கிடையாது. அந்த நீர் என்ஜினில் கொதிநிலைக்கு அருகே ஆண்டுக்கணக்கில் சுழன்றால் மெல்லிய தகடுகளில் உப்புப் படியும். படிந்த இடத்தில் சூடு தேங்கும். துருத்தடுப்பு மருந்து இல்லாததால் அலுமினியம் அரிக்கும். இதோடு இன்னொரு வழக்கமும் உண்டு. கார் சூடேறுகிறது என்றால் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். எண்பது டிகிரிக்கு மேல் திறந்து, நீரை ரேடியேட்டருக்கு அனுப்பும் கதவு அது. கதவை எடுத்துவிட்டால் என்ஜின் ஒருபோதும் சரியான சூட்டுக்கு வராது. எண்ணெயில் சேரும் ஈரமும் ஆவியாகிப் போகாது. நல்லவேளையாக எங்கள் காரில் அது இருந்தது.

இதில் ஒரு விநோதமும் உண்டு. ஏமாற்றி ஊற்றிய அந்தத் தண்ணீர்தான் கூலரைத் தின்றது. அதில் கிளைக்கால் இல்லாததால் பேரிங்குகள் தப்பின. பெரியவர் சம்பைக் கழற்றி, ஒரு பேரிங் மூடியை மட்டும் திறந்து எங்களுக்குக் காட்டினார். கீறல் இல்லை. புதிய கூலர், இரண்டு முறை எண்ணெயும் வடிகட்டியும் மாற்றியது, கூலன்ட் பாதையைச் சோப்பு நீரால் நான்கு முறை கழுவியது, எண்ணெய் பட்டு ஊறிப்போன ரப்பர் குழாய்களைப் புதிதாக்கியது எல்லாம் சேர்த்து, முதலில் கேட்ட தொகையில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றே மேல். இருநூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மீண்டும் வரச் சொன்னார். பழைய இரும்புத் தகட்டை அடுப்பில் சூடேற்றி, டிப்ஸ்டிக்கிலிருந்து ஒரு துளியை அதன்மேல் விட்டார். எண்ணெயில் நீர் இருந்தால் தோசைக்கல்லில் தெளித்த தண்ணீரைப் போலப் படபடவென்று வெடிக்கும். துளி சத்தமின்றிப் பரவிப் புகைந்தது.

*

நோயையும் அதன் காரணத்தையும் தேடுவது பற்றிப் பேசும்போது திருக்குறளின் மருந்து அதிகாரம் நினைவுக்கு வருவது வழக்கம். அந்த அதிகாரத்தின் பெரும்பகுதி மருந்தைப் பேசவில்லை என்பது அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. எதை, எவ்வளவு, எப்போது உண்பது என்பதைப் பற்றியே அதன் பெரும்பாலான குறள்கள் இருக்கின்றன. நோய் காண்பது பிற்பகுதியில்தான் வருகிறது. என்ஜினுக்குள் என்ன ஊற்றப்பட்டது என்ற கேள்வியில் எங்கள் விசாரணை போய் முடிந்தபோது அந்த வரிசை புதிதாகப் புரிந்தது.

தரகர் சொன்னதையும் பெரியவர் செய்ததையும் ஒப்பிட்டுப் பார்க்கிறோம். இருவருமே எண்ணெயை மாற்றச் சொன்னவர்கள்தாம். செயல் ஒன்றே. ஓட்டை எங்கே என்று தெரிந்தபின் மாற்றினால் அது சிகிச்சை. தெரியாமல் மாற்றினால் சாட்சியை அழிப்பது. தெரிந்துகொள்ள விரும்பாமல் மாற்றி விற்றால், நோயை இன்னொருவன் வீட்டு வாசலில் கொண்டுபோய் விடுவது. பார்த்த மாத்திரத்தில் என்ஜினை இறக்கச் சொன்ன பட்டறைக்கும் தரகருக்கும் நோக்கத்தில் வேறுபாடு இருந்திருக்கலாம். எங்கே என்று கேட்காததில் இருவரும் ஒன்றே.

இன்றைய கார்களில் கணினி இருக்கிறது. பிழையைக் குறியெண்ணாகச் சொல்லும். ஆனால் பெரும்பாலான கார்களில் எண்ணெயில் நீர் கலந்ததை உணரும் கருவி இல்லை. விலையுயர்ந்த சில புதிய கார்களில் டிப்ஸ்டிக்கையே எடுத்துவிட்டார்கள். இருக்கும் கார்களை வைத்திருப்பவர்கள் வாரம் ஒருமுறை, காலையில், ஸ்டார்ட் செய்யும் முன் அதை உருவிப் பார்ப்பது நல்லது. அளவு குறைந்தால் மட்டுமன்று, கூடினாலும் கேள்வி கேட்க வேண்டும்.

கழற்றிய ஆயில் கூலரைப் பெரியவர் பழைய இரும்புக்குப் போடச் சொன்னார். நாங்கள் கேட்டு வாங்கி வந்துவிட்டோம். ஓட்டையைச் சுற்றி அவர் சுண்ணக்கட்டியால் போட்ட வட்டத்துடன், பில்லோடு சேர்த்து, அது காரின் பின்பெட்டியில் இருக்கிறது. என்றேனும் ஒருநாள் இந்தக் காரை விற்போம். வாங்க வருபவரிடம் முதலில் அதைக் காட்டிவிட்டுத்தான் விலை பேசுவதென்று இருவரும் முடிவு செய்திருக்கிறோம்.